எண்ணெயும் வினையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இல்லங்களில், கடைச் சரக்கை அடுக்களைக்குள் சேர்க்குமுன் அதனைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. பொட்டலத்தின் மீது பச்சைச் சதுரமும் அதனுள் பச்சைப் புள்ளியும் காணப்படல் வேண்டும். பெரியோர் சிலர் அவ்வளவில் அமையாது, மூக்குக் கண்ணாடியை அணிந்து, உட்பொருள்களின் பட்டியலை எழுத்தெண்ணிப் படிப்பர். முட்டையோ ஜெலட்டினோ இருப்பின் பொட்டலம் கடைக்கே திரும்பும். போற்றத்தக்க வழக்கமே இது. ஆயின் அப்பட்டியலில் உள்ள 'பாமோலின்' என்னும் சொல்லை மட்டும் அவர்தம் கண் தடையின்றிக் கடந்து செல்கின்றது. தாவரத்தினின்று எடுத்த எண்ணெய். அதில் குற்றம் காண என்ன இருக்கிறது?

எண்ணெயில் குற்றம் இல்லைதான். அதில் எவ்வுயிரின் ஊனும் கலக்கவில்லை. ஆயினும் அவ்வெண்ணெய் விளைந்த நிலம் நேற்றுவரை காடாக இருந்து, தீயிட்டு அழிக்கப்பட்டிருக்குமாயின், அத்தீயில் மாண்ட உயிர்களின் பொருட்டு எண்ணெயை வாங்கியவர்க்குப் பங்கு உண்டா, இல்லையா? பொருளில் இல்லாத ஹிம்சை பொருளை வாங்குவோரைச் சேருமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

முதற்கண் மரத்தைப் பற்றிச் சிறிது அறிதல் நலம். எண்ணெய்ப்பனை நம் ஊர்ப் பனை அன்று. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மலேசியத் தமிழர் இதனைச் செம்பனை என்பர். 1848-இல் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் இதன் கன்றுகள் நான்கு நடப்பெற்றன. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-இல், சிலாங்கூரில், ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் அமைக்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. அது எம்மொழிச் சொல் என்று நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. மலாயாத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த வரலாறும், இரப்பர் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாக மாறியபோதும் துண்டாடி விற்கப்பட்டபோதும் அவர்களுள் பலர் குடியிருந்த லயங்களை இழந்த வரலாறும் தனியே எழுதப்பட வேண்டியவை.

இம்மரம் குறித்து வேறொரு செய்தியும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது. 1981-க்கு முன் மலேசியத் தோட்டங்களில் மகரந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் மனிதர் தம் கையாலேயே செய்து வந்தனர். அவ்வாண்டில், மரத்தின் தாயகத்தைச் சார்ந்த கேமரூன் நாட்டினின்று, நெல்மணியினும் சிறிய ஒரு வண்டினத்தைக் கொணர்ந்து விட்டனர். அதன் பின்னர்க் கையால் செய்த வேலை வேண்டாததாயிற்று, காய்ப்பும் பெருகிற்று. கோடிக்கணக்கான ரூபாய் புரளும் ஒரு வாணிகம் ஒரு சிற்றுயிரின் கால்களில் நிற்கின்றது! பாதையில் எறும்பைக் கண்டு ஒதுங்கி நடக்கும் நம்மவர்க்கு இச்செய்தி வியப்பைத் தராது.

இனிக் காட்டின் நிலையைக் காண்போம். உலகப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவுமே தருகின்றன. சுமத்திராவிலும் போர்னியோவிலும் தாழ்ந்த நிலப்பகுதிகளில் 'பீட்' எனப்படும் ஒருவகை நிலம் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் வேரும் மரத்துண்டும் நீரில் ஊறி, முற்றும் மக்காமல், பல மீட்டர் ஆழத்திற்குப் படிந்த மண் அது. நீர் நிறைந்திருக்குமளவும் அதற்குத் தீங்கில்லை. பயிரிடுதற் பொருட்டு வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், நிலம் காய்ந்து சருகுக் குவியல் போல் ஆகிவிடும். ஒருமுறை தீப்பற்றின், மேலே அணைந்தது போல் தோன்றினும் மண்ணுக்குள் புகைந்துகொண்டே செல்லும். பெருமழை பெய்தாலன்றி அணையாது. 2015-இல் இந்தோனேசியாவில் எரிந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர். அந்நாட்டிற்கு நேர்ந்த இழப்பை 1,600 கோடி அமெரிக்க டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. புகை கடலைத் தாண்டிச் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிற்று, பள்ளிகள் அடைக்கப்பட்டன. இத்தீ முழுவதும் எண்ணெய்ப்பனைக்காகவே மூட்டப்பட்டது என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். காகிதக் கூழுக்காக மரம் வளர்ப்போரும் பிறரும் அதில் பங்குடையர். எனினும் எண்ணெய்ப்பனையின் பங்கு சிறிதன்று.

சுமத்திராவின் வடக்கே லூசர் என்னும் வனப்பகுதி உள்ளது. யானை, புலி, காண்டாமிருகம், ஓராங்குட்டான் ஆகிய நான்கும் காட்டு நிலையில் ஒருங்கே வாழும் இடம் உலகில் இஃதொன்றே. ஓராங்குட்டான் என்பது மலாய் மொழியில் 'காட்டு மனிதன்' எனப் பொருள்படும். தாய் ஒரு குட்டி ஈன்றபின் அடுத்த குட்டிக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அத்துணைக் காலம் முதற்குட்டியை உடன் வைத்து வளர்க்கும். போர்னியோவில் 1999 முதல் 2015 வரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஓராங்குட்டான்கள் குறைந்துவிட்டன என 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. காடு அழிந்தமையோடு, காட்டை இழந்து தோட்டங்களிலும் ஊர்களிலும் புகுந்தவை கொல்லப்பட்டமையும் இதற்குக் காரணம். ஆய்வாளர் எண்ணியவை கண்ணுக்குத் தெரியும் பெரிய உயிர்களையே. ஓரறிவுயிர் முதல் நான்கறிவுயிர் ஈறாக அக்காட்டில் வாழ்ந்தவற்றை எவரும் எண்ணிலர், எண்ணவும் இயலாது.

இந்நிலையில் நம் வினாவிற்கு வருவோம். ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்து உரைப்பது நம் மரபு. கொல்லவேண்டும் என்று கருதிச் செய்வது சங்கல்பம். அதனை இல்லறத்தார் முற்றும் விலக்குதல் வேண்டும். சமைத்தல், கூட்டுதல், நீர் இறைத்தல் போன்ற இல்லத்துத் தொழில்களில் நேர்வது ஆரம்பம். உழவு, வாணிகம் போன்ற வாழ்க்கைத் தொழில்களில் நேர்வது உத்தியோகம். தன்னையும் பிறரையும் காக்கும்போது நேர்வது விரோதம். பின்னைய மூன்றும் இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கத் தக்கன அல்ல. ஆயினும் இயன்றவரை குறைக்கத் தக்கன.

பாமாயிலில் அப்பளம் பொரிக்கும் இல்லத்தரசி, "எம்மிடம் நேர்வது ஆரம்ப ஹிம்சைதானே; அது மன்னிக்கப்பட்டதன்றோ?" என்று வினவலாம். சரியான வினா. ஆனால் ஆரம்ப ஹிம்சைக்கு இடந்தந்த பெரியோர் அதனை ஒரு நிபந்தனையின் பேரிலேயே தந்தனர். அடுப்பைப் பற்ற வைக்குமுன் விறகைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். நீரை வடிகட்டல் வேண்டும். பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருத்தல் வேண்டும். கவனத்தோடு செய்தும் தவிர்க்க இயலாமல் நேர்வதற்கே அந்த இடம். கவனமின்றிச் செய்வதற்குப் பிரமாதம் என்று பெயர். பிரமாதமே ஹிம்சையின் வேர் என்பது நம் நூல்களின் துணிபு. இன்றைய இடர்ப்பாடு யாதெனில், விறகை நம் கையால் தட்டலாம். கடலுக்கு அப்பாலுள்ள காட்டில் துடைப்பம் போடுவது எங்ஙனம்?

மற்றொரு மறுப்பும் உண்டு. "நாம் வாங்கும் ஒரு லிட்டரால் ஒரு மரமும் விழவில்லை, நாம் வாங்காவிடினும் ஒரு மரமும் பிழைக்கப் போவதில்லை" என்பர். கணக்கறிந்தோர் கூற்று இது! ஆயின் நம் நாடே உலகில் மிகுதியாகப் பாமாயிலை இறக்குமதி செய்யும் நாடு. 2022-23 எண்ணெய் ஆண்டில் வந்தது மட்டும் 90 லட்சம் டன்னுக்கு மேல். அப்பேரளவு நம்மைப் போன்றோர் வாங்கிய ஒவ்வொரு லிட்டரால் ஆனதே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வாயிலாகவும் வினை வந்து சேரும் என்று கற்ற நமக்கு, 'எம் பங்கு சிறிது' என்பது பங்கின் அளவைக் குறைக்குமேயன்றிப் பங்கே இல்லை என ஆக்காது.

எல்லார்க்கும் ஒரே பங்கு என்பதும் நம் கருத்தன்று. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் குடும்ப அட்டைக்குக் குறைந்த விலையில் பாமாயில் வழங்கப்பெற்று வருகின்றது. வேறு எண்ணெய் வாங்க வகையற்ற குடும்பம் அந்த ஒரு லிட்டரில் மாதம் முழுதும் தாளிக்கும். அவ்வில்லத்துத் தாயிடம் சுமத்திராவைப் பற்றி வினவுதல் அறிவுடைமை ஆகாது. வாங்கும் பொருளைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் எவர்க்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவே அவர் விடை கூறும் கடமையும். இனிப்புக் கடை நடத்துவோர், சவுக்காரம் செய்வோர், விடுதிகளுக்கும் விழாக்களுக்கும் டின் டின்னாக எண்ணெய் எடுப்போர் ஆகியோரிடமே நாம் பேசுகின்றோம்.

"அவ்வாறாயின் பாமாயிலை அறவே விட்டொழிப்போம்" என்று சிலர் உடனே எழுவர். இத்தகைய சூளுரை உரைப்பது எளிது. நன்மையும் தருமா எனப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை ஆண்டிற்குச் சராசரியாக 3 டன்னுக்குக் குறையாமல் எண்ணெய் தருகின்றது. சோயா தருவது ஏறத்தாழ அரை டன். கடுகும் சூரியகாந்தியும் ஒரு டன்னை எட்டுவதில்லை. உலகில் எண்ணெய் வித்துகளுக்கெனப் பயன்படும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான இடத்தில் நின்று, தாவர எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலாக இம்மரம் அளிக்கின்றது. எல்லாரும் இதனை விட்டுச் சோயாவிற்கு மாறினால் பல மடங்கு நிலம் வேண்டப்படும். அந்நிலத்திற்குத் தென் அமெரிக்காவின் காடுகளும் புல்வெளிகளும் விடை சொல்ல நேரும். ஓர் உயிரைக் காத்தோம் என்று மகிழ்ந்து, காணாத வேறு நூறு உயிர்களை ஒப்புக்கொடுப்பது அஹிம்சை ஆகாது. விட்டுவிடுதலினும் அளவுபடுத்துதலே இவ்விடத்துப் பொருந்தும். போகோபபோக பரிமாண விரதம் என நம் முன்னோர் வகுத்ததும் அதுவே. விழா அடுக்களைகளில் பொரித்து மீந்து, சாக்கடையில் ஊற்றப்படும் எண்ணெயைக் காணும்போதெல்லாம் இவ்விரதத்தின் நினைவு நமக்கு வருவதுண்டு.

அளவுபடுத்தியபின் எஞ்சியதை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவிற்கு விடை காணவே 2004-இல் உற்பத்தியாளர், வணிகர், இயற்கைப் பாதுகாவலர் ஆகியோர் கூடி 'நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை' என்னும் அமைப்பை நிறுவினர். அதன் சான்று பெற்ற எண்ணெய் 2008 முதல் விற்பனைக்கு வருகின்றது. 2018-இல் அவ்வமைப்பு தன் விதிகளை இறுக்கி, வளமான காடுகளை அழித்தலையும், எவ்வளவு ஆழமாயினும் பீட் நிலத்தில் புதிதாகப் பயிரிடலையும் தடுத்தது. இன்று உலகப் பாமாயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இச்சான்று உடையது.

இச்சான்றளிப்பில் ஒரு முறை உண்டு. அறநூல் பயின்றோர் ஆழ்ந்து எண்ணத்தக்கது. சான்று பெற்ற எண்ணெயைப் பிறவற்றோடு கலவாது கடைசிவரை தனியே கொண்டுவருதல் ஒரு வகை; செலவு மிகுந்தது. கலந்துவிட்டுக் கணக்கை மட்டும் தனியே வைத்தல் மற்றொரு வகை. உழவர் இருவர் ஒரே களஞ்சியத்தில் நெல் கொட்டுகின்றனர் என்று கொள்வோம். ஒருவர் தம் வரப்பின் மரங்களைக் காத்தவர், மற்றவர் வெட்டியவர். முன்னவர் கொட்டியது 40 மூட்டை. களஞ்சியக்காரர், 'காத்தவர் நெல்' என்ற பெயரில் 40 மூட்டைக்கு மேல் விற்கலாகாது. அதற்குரிய கூடுதல் விலை காத்தவரையே சேர வேண்டும். ஆனால் வாங்குவோர் மூட்டையில் இருவர் நெல்லும் கலந்தேயிருக்கும்.

ஆசிரியர் பயிற்சி மாணவியர்க்கு இத்தகைய கணக்கைக் கூறியிருப்போமாயின், முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "அம்மா, கலந்துவிட்ட பின் தூய்மை ஏது?" என்று வினவியிருப்பாள். நம் சமூகத்தார் பலரும் அவ்வாறே கருதுவர். ஆசாரத்தில் பழகிய உள்ளம் கலப்பைப் பொறாது. நாம் அவ்வாறு கருதவில்லை. நம் கரண்டி தூயதாக இருத்தல் வேண்டும் என்பது ஆசாரம். காடு நிற்றல் வேண்டும் என்பது அஹிம்சை. கொடுத்த பணம் காட்டைக் காத்தவரைச் சேர்ந்ததாயின், கரண்டியில் உள்ள துளி எம்மரத்தினின்று வந்தது என்பது இரண்டாம் நிலை வினாவே. வினை எண்ணெய்த் துளியைப் பற்றி வருவதன்று. செயலையும் கருத்தையும் பற்றி வருவது.

ஆயினும் இம்முறையில் ஒரு குறை உண்டு என்பதை மறைத்தற்கில்லை. காத்தவர் 40 மூட்டைக்குக் கூலி பெறுகின்றார்; வெட்டியவர் மீதியைத் தம் விலைக்கு விற்றுக்கொண்டே இருக்கின்றார். களஞ்சியத்தின் கதவு அவருக்கும் திறந்தேயிருக்கின்றது. இக்குறையை நீக்கவே, சான்று பெற்றது பெறாதது என்ற வேறுபாடின்றி, தாம் வாங்கும் எண்ணெய் முழுவதும் காடழிப்பும் பீட் நில அழிப்பும் மக்களைச் சுரண்டலும் இன்றி வருதல் வேண்டும் என்னும் உறுதிமொழியைப் பெருவணிகர் பலர் மேற்கொண்டனர். உலகப் பாமாயில் வணிகத்தில் பெரும்பங்கைக் கையாளும் வில்மார் நிறுவனம் 2013 டிசம்பரில் இதனை அறிவித்தது திருப்புமுனை எனலாம். இந்தோனேசியாவில் எண்ணெய்ப்பனைக்காகக் காடழிதல் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உச்சத்திலிருந்து, அடுத்த பத்தாண்டில் வெகுவாகக் குறைந்தது. 2023-இல் மீண்டும் சற்றே உயர்ந்தது. குறைந்தமைக்கு உறுதிமொழி ஒன்றே காரணமன்று. 2011 முதல் அந்நாட்டு அரசு புதிய உரிமங்களுக்கு விதித்த தடையும், எண்ணெய் விலை வீழ்ந்தமையும் துணை நின்றன.

உறுதிமொழி எங்கே தளர்கின்றது என்றால், ஆலைக்கும் தோட்டத்திற்கும் இடையில். பழக்குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்தல் வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே ஒவ்வோர் ஆலையும் சுற்றுவட்டாரத்துப் பழத்தையே வாங்கும். ஆலையின் பெயர் தெரிந்தால் வட்டாரம் தெரிந்துவிடும். 2018 பிப்ரவரியில் யூனிலீவர் தன் எண்ணெய் வரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. ஆனால் ஆலைக்கு அப்பால் தரகர் நிற்கின்றார். அவர் தம் சரக்குந்தில் பத்து உழவரின் குலைகளை ஏற்றும்போதே அவற்றின் ஊரும் பெயரும் மறைந்துவிடுகின்றன. காப்புக்காட்டுக்குள் திருட்டுத்தனமாக நட்ட மரத்தின் குலையும் அதே சரக்குந்தில் ஏறிவிடும்.

இதனை அடைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில் அங்கே நுழையலாகாது. விளைந்த நிலத்தின் இருப்பிடத்தையும் குறித்துக் காட்டல் வேண்டும். அது நடைமுறைக்கு வரும் நாள் ஒரு முறைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டது. நோக்கம் நன்றே. எனினும் நம் உள்ளத்தை உறுத்துவது ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனை நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிற்றுழவருடையது. ஜாவாவிலிருந்து அரசே குடியேற்றி, குடும்பத்திற்கு 2 ஹெக்டேர் எண்ணெய்ப்பனை தந்து வாழவைத்தவர் அவருட் பலர். நிலப்பத்திரம் பலரிடம் இல்லை. இருப்பிடத்தை அளந்து பதிவு செய்யக் கருவியும் பொருளும் இல்லை. மறுபுறம், 1990-களில் பல்லாயிரம் ஹெக்டேர் காட்டை அழித்த பெருந்தோட்டத்தாரிடம் எல்லாத் தாளும் உண்டு. குறித்த நாளுக்கு முன் அழித்தவர் என்பதால் அவர் தூயவர். தாள் இல்லாமையால் சிற்றுழவர் ஐயத்திற்குரியவர்! நாள் ஒன்றைக் குறியாமல் எந்தச் சட்டமும் இயற்ற இயலாது என்பதை நாம் அறிவோம். ஆயின் தூய எண்ணெயை விரும்பும் நாம், அத்தூய்மைக்கான செலவை நம்மிலும் எளியவர் தலையில் ஏற்றுகின்றோமா என்று பார்த்தல் வேண்டும். சிற்றுழவர் குழுவாகச் சேர்ந்து சான்று பெறவும் வழி உண்டு. அத்தகைய குழுக்களின் எண்ணெய்க்குக் கூடுதல் விலை தருவோரே அச்செலவைச் சுமப்போர் ஆவர்.

நம்மவருள் மொத்தமாக எண்ணெய் எடுப்போர், விற்பவரிடம் மூன்றே வினாக்களை எழுத்தில் கேட்கலாம். எந்தச் சுத்திகரிப்பு ஆலையினின்று வந்தது? அவ்வாலை, தனக்குக் கச்சா எண்ணெய் தரும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டுள்ளதா? சான்று பெற்ற எண்ணெய் எவ்வளவு, அது எவ்வகைச் சான்று? சில்லறைக் கடைக்காரர்க்கு விடை தெரியாது. அவருக்கு அனுப்பும் மொத்த வணிகர் கேட்டுச் சொல்வார், பலர் கேட்பாராயின். பாமாயில் பயன்படுத்தவில்லை என விளம்பரம் செய்யும் பிஸ்கட்டுகளைக் காட்டிலும் இத்தகைய கடிதத்தையே நாம் மதிக்கின்றோம்.

இவ்வினா கடல் கடந்த நாடுகளோடு முடியவில்லை. 2021 ஆகஸ்டில் நம் மத்திய அரசு எண்ணெய்ப்பனைக்கென 11,040 கோடி ரூபாயில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக நடக் குறித்த நிலத்தில் 3.28 லட்சம் ஹெக்டேர் வடகிழக்கு மாநிலங்களில் உள்ளது. இறக்குமதியைக் குறைத்தல் வேண்டும் என்பது நியாயமே. ஆயின் அம்மலைகளில் மக்கள் ஓரிடத்தில் சில ஆண்டு பயிரிட்டுப் பின் பல ஆண்டு தரிசாக விடுவர். அத்தரிசில் காடு மீண்டும் முளைக்கும். பதிவேட்டில் அது வீண்நிலம் எனத் தோன்றலாம். எண்ணெய்ப்பனையோ நட்டால் 25 ஆண்டு நிற்கும். மலைப்பாதையில் ஒரு நாளைக்குள் குலை ஆலை சேர வேண்டும். திமாப்பூரிலும் கௌஹாத்தியிலும் நம் சமயத்தைச் சார்ந்த வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. எந்தெந்த மலைச்சரிவுகளில் புதிய தோட்டங்கள் எழுகின்றன, முன்னர் அங்கு என்ன நின்றது என்பதை அவர்கள் நேரில் கண்டு எழுதுவாராயின், அடுத்த இதழில் அதனைத் தொடர்வோம்.